தம்பானை வேடர் தரும் பாடம்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியை நம்மிற் பலர் அறிவோம். வழியிலே பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிக் கிடக்கிறது. பதினெட்டு வளைவுகளில் இறங்கி, மகியங்கனையையும் தாண்டிச் சென்றால் தம்பானை என்னும் ஊர் வரும். அது வேடர்களின் ஊர். வன்னியலா எத்தோ, அதாவது காட்டு மக்கள், என்பது அவர்கள் தமக்கு இட்ட பெயர். கிழக்குக் கரையோரத்திலே தமிழ் பேசும் வேடர்களும் வாழ்கின்றனர்.

இன்று உல்லாசப் பயணிகள் கண்டியிலிருந்தும் தம்பானைக்குச் செல்கின்றனர். தோளிலே கோடரி தாங்கிய ஊரவர், முன்கைகளைப் பற்றி அவர்களை வரவேற்கின்றனர். காட்டுப் பாதையிலே நடத்திச் சென்று மூலிகைகளைக் காட்டுகின்றனர், தீ மூட்டியும் அம்பு எய்தும் காட்டுகின்றனர், தேனும் விற்கின்றனர். இது நல்ல தொழில்தானா? நாமும் இதைச் செய்யலாமா? இக்கேள்விக்கு விடை காணுமுன் அவர்களுடைய வரலாற்றை அறிய வேண்டும்.

1977இல் துரித மகாவலித் திட்டம் தொடங்கியது. 1983ஆம் ஆண்டு நவம்பரில் வேடர்களின் வேட்டைக் காடு மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பல குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டு, நெல் வயல்களைப் பெற்றன. முதுபெரும் தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் தம்பானையை விட்டு வெளியேற மறுத்தனர். ஆனால் பூங்காவினுள் வேட்டையாடுவது சட்டப்படி குற்றமாகிவிட்டது. விருந்தினருக்கு முன் வில்லை வளைக்கலாம். அதே வில்லோடு முன்னோரின் காட்டுக்குள் நுழைய முடியாது. இதுவே தம்பானையின் வேதனை.

திசாஹாமி 1998இல் காலமானார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னில எத்தோ காட்சி காட்டுவதோடு நின்றுவிடவில்லை. 1996இல் ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் மக்களின் காட்டுரிமையை எடுத்துரைத்தார். 2020இல், றம்பகன் ஓயாப் பகுதியின் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து நீதிமன்றத்தையும் நாடினார்.

அவுஸ்திரேலியாவிலே வேறொரு வழியைக் காண்கிறோம். உலுரு என்னும் பெரும் பாறை அனங்கு மக்களுக்குப் புனிதமானது. 1985 ஒக்டோபர் 26ஆந் திகதி அந்நிலத்தின் உரித்து அவர்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதை 99 வருடக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவாகக் கொடுத்தனர்; நிர்வாக சபையிலும் பெரும்பான்மை பெற்றனர். தம் முன்னோர் கதைகளைத் தாமே விருந்தினருக்குச் சொல்கின்றனர். 2019இல் அப்பாறையில் ஏறுவது தடைசெய்யப்பட்டது. நிலம் கையில் இருந்தபடியால்தான் "இது வேண்டாம்" என்று சொல்ல அவர்களால் முடிந்தது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் நீளமானது. தேயிலைத் தோட்டங்களினூடாகச் செல்லும் அப்பாதையில் நடப்போருக்கு லயத்தின் வரலாற்றை யார் சொல்வது? நம்மிடம் குரக்கன் விதை காக்கும் அறிவு உண்டு. ஊற்று எங்கே என்று தெரியும். காமன் கூத்து உண்டு. இவை நமது சொத்து. எனவே விருந்தினரை வரவேற்க விரும்பும் குடும்பங்கள் இவற்றை மனத்திற் கொள்க:

1. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதைப் பெண்களும் முதியோரும் கூடிய கூட்டத்திலே தீர்மானியுங்கள்.

2. கட்டணத்தை நீங்களே நிர்ணயியுங்கள். கணக்கு எல்லோரும் பார்க்கத்தக்கதாக இருக்கட்டும்.

3. பயிர்ச்செய்கையைக் கைவிடாதீர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின்னர் பயணிகள் வரவு பெரிதும் குறைந்தது; 2020இல் கொரோனா நோய் பரவியபோது அது நின்றேபோனது.

4. காணி உரிமைக் கோரிக்கையை ஒருபோதும் தளர விடாதீர்கள். விருந்தினர் தரும் பணம் காணிக்கு ஈடாகாது.

கலந்துரையாடுவோம்:

நாம் விட்டுவந்த ஊரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? அந்நியருக்குச் சொல்லுமுன் அவர்களுக்குச் சொன்னோமா? நம் கிராமத்துக்கு நாளை ஒரு விருந்தினர் வந்தால், அவரை யார் வழிநடத்துவார்?