வண்டியைத் தூக்கலாமா? டயரைப் பெரிசாக்கலாமா?



நம் கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. 2000 அடி முதல் 3000 அடி வரை உயரம் உள்ளது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் பல ஊர்களுக்கு இன்றும் கல்லும் மண்ணும் கலந்த பாதைதான். அங்கே ஜீப்புதான் பஸ், ஜீப்புதான் ஆம்புலன்ஸ். மரவள்ளிக் கிழங்கு மூட்டையும் அதில்தான் இறங்குது, பிரசவ வலி எடுத்த அக்காவும் அதில்தான் இறங்கணும். அதனால் ஜீப்பைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்கு ஒரு பாடம் மாதிரிதான்.

என் சித்தப்பா ஜீப் ஓட்டுகிறார். "பட்டையை ஏத்தி, பெரிய டயர் போட்டுட்டா எந்தக் கல்லும் அடியில தட்டாது பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகப் பணமும் சேர்த்தார். அது சரிதானா என்று அறிவியல் புத்தகத்தையும், ஸ்கேலையும், மெக்கானிக் அண்ணனையும் வைத்து நான் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஜீப் வந்த கதை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காக 1941 முதல் வில்லிஸ் கம்பெனி ஜீப்புகளைச் செய்தது. போர் முடிந்த பிறகு, 1947-ல் மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் அந்த வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. 2000-ல் பொலிரோ, 2010-ல் தார் வந்தன. 2020-ல் வந்த புதிய தார் வண்டிக்குத் தரை இடைவெளி 226 மில்லி மீட்டர் என்று கம்பெனியே சொல்கிறது.

தரை இடைவெளி என்றால் என்ன? வண்டிக்கு அடியில் எது மிகவும் கீழே தொங்குகிறதோ, அதற்கும் தரைக்கும் உள்ள தூரம். சித்தப்பா வண்டிக்கு அடியில் படுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். 18 செ.மீ. இருந்தது. தொங்குவது எது தெரியுமா? பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல ஒரு உருண்டை இருக்கும். அதுதான் டிஃபரன்ஷியல். கல் தட்டுவது பெரும்பாலும் அதில்தான்.

பட்டையை ஏற்றினால் என்ன ஆகும்?

பழைய ஜீப்புகளில் முன்னாலும் பின்னாலும் வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கியிருக்கும். வண்டியின் உடம்பு அந்தப் பட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அச்சு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டையைக் கூட்டி வைத்தால் பட்டைக்கு மேலே உள்ள உடம்பு மட்டும்தான் உயரும். கீழே உள்ள அச்சு அதே இடத்தில்தான் இருக்கும். அப்படியென்றால் பூசணிக்காய்? அதுவும் அதே 18 செ.மீ.தான்! படிக்கட்டும் பம்பரும் கல்லில் தட்டாமல் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் எது தட்டக் கூடாது என்று பணம் செலவு செய்கிறோமோ அது தப்பிக்காது.

இன்னும் இருக்கிறது. பட்டை எண்ணிக்கை கூடினால் வண்டி விறைப்பாகிவிடும். பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தரையைத் தொடணும். விறைப்பான பட்டை அதை விடாது, சக்கரம் அந்தரத்தில் சுத்தும். உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்குத்தான் குலுக்கல். சிலர் பட்டையை மாட்டும் ஷேக்கிளை நீளமாகப் போடுவார்கள். ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி சுமார் 1 அங்குலம்தான் ஏறும். ஏனென்றால் பட்டையின் ஒரு முனைதான் நகர்கிறது, நடுவில் பாதிதான் கிடைக்கும்.

உடம்பு உயர்ந்தால் இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டு அதிகமாகச் சாயும். அதன் மூட்டு சீக்கிரம் தேயும். பிரேக் எண்ணெய்க் குழாய் இழுபடும். முன்பக்கம் மட்டும் ஏற்றினால் விளக்கு வெளிச்சம் மேலே போகும். வளைவில் எதிரே வரும் டிரைவர் கண் கூசும்.

டயரைப் பெரிசாக்கினால்?

டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருக்கும். பலருக்கு அது மந்திரம் போல இருக்கும். ஆனால் சுலபம்தான்.

215 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்று அர்த்தம். 15 என்பது நடுவில் உள்ள இரும்பு ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கணக்குப் போடலாம் வாங்க.
பக்கச் சுவர்: 215 × 0.75 = 161.25 மி.மீ.
ரிம்: 15 × 25.4 = 381 மி.மீ.
மொத்த விட்டம்: 381 + 161.25 + 161.25 = 703.5 மி.மீ.

இப்போது 235/75 ஆர் 15 போட்டால்? பக்கச் சுவர் 176.25. மொத்த விட்டம் 733.5 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ. 'ஆகா, வண்டி 3 செ.மீ. ஏறிடுச்சு' என்று நினைக்காதீர்கள். அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அதனால் பாதிதான், அதாவது 1.5 செ.மீ. 18 செ.மீ. இருந்தது 19.5 ஆகும். பூசணிக்காயைத் தூக்குவது டயர் மட்டும்தான், ஆனால் கொஞ்சமாகத்தான் தூக்கும்.

அதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? விட்டம் 4 சதவீதம் கூடியதால் ஒரு சுற்றுக்கு வண்டி 4 சதவீதம் அதிகம் போகும். மீட்டர் 40 காட்டும்போது உண்மையில் கிட்டத்தட்ட 42 வேகத்தில் போவோம். ஏற்றத்தில் இழுக்கும் பலம் 4 சதவீதம் குறையும். பிரேக் பிடிக்கும் பலமும் அதே அளவு குறையும். நம் மலை இறக்கத்தில் இதை யோசிக்கணும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் பெரிய டயர் மட்கார்டில் உரசும்.

சாயும் கணக்கு

இதுதான் முக்கியமான பகுதி. கவனமாகப் படியுங்கள்.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இருப்பது போல எடுத்துக்கொள்கிறோம். அது ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே விடும் கோடு சக்கரத்துக்கு வெளியே போனால் வண்டி கவிழும்.

உதாரணத்துக்கு ஒரு ஜீப் 1600 கிலோ. இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலிருந்து ஒரு சக்கரம் வரை 70 செ.மீ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரம். கட்டம் போட்ட தாளில் வரைந்து பாகைமானி வைத்துப் பாருங்கள். 45 டிகிரி வரை சாய்ந்தாலும் நிற்கும்.

வண்டியைத் தூக்கியதால் மையம் 10 செ.மீ. ஏறினால், 41 டிகிரியில் கவிழும்.

தூக்காத வண்டியில் கூரை மேல் 300 கிலோ, அதாவது ஆறு பேர் உட்கார்ந்தால்? அவர்கள் எடையின் மையம் தரையிலிருந்து 210 செ.மீ. என்று வைப்போம். (1600 × 70 + 300 × 210) ÷ 1900 = சுமார் 92 செ.மீ. 37 டிகிரியிலேயே கவிழும்.

தூக்கிய வண்டியில் கூரை மேலும் ஆறு பேர் என்றால் 34 டிகிரிதான்.

இது நிற்கும் வண்டிக்கு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது இதைவிடக் குறைந்த சாய்விலேயே கவிழ்ந்துவிடும். பார்த்தீர்களா? வண்டியைத் தூக்குவதைவிட நாம் கூரை மேல் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. விடுதியிலிருந்து ஊருக்குப் போகும் நாளில் நம்மில் எத்தனை பேர் மேலே ஏறுகிறோம், பின்னால் தொங்குகிறோம்? மயில் தோகை ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475-ஆவது குறளில் சொல்லியிருக்கிறார். நாம் மயில் தோகையைவிடக் கனம்தானே!

தண்ணீர் ஓடும் ஓடை

"உசரமான வண்டி, ஓடையைத் தாண்டிடும்" என்பார்கள். நம் ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் படிக்கிறோம் அல்லவா? வண்டி உடம்பு 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று வைப்போம். அடித்தளத்துக்கு மேல் 30 செ.மீ. தண்ணீர் வந்தால், 3 × 1.5 × 0.3 = 1.35 கன மீட்டர். உள்ளே தண்ணீர் புகுவதற்கு முன் 1350 கிலோ அளவுக்குத் தண்ணீர் வண்டியை மேலே தள்ளும். அப்புறம் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு எங்கே இருக்கும்? காற்று நிறைந்த பெரிய டயரும் மிதக்கத்தான் உதவும். ஓடையில் செம்மண் தண்ணீர் வேகமாக வந்தால் காத்திருப்பதுதான் புத்தி.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாமல் மாற்றினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

அப்போ என்னதான் செய்யணும்?

1. கம்பெனி சொன்ன அதே அளவில், கல்லுக்கும் மண்ணுக்கும் ஏற்ற டயர் வாங்கலாம். ஏ.டி. என்பது தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் பொது. எம்.டி. என்பது சேற்றுக்கு. அதன் புடைப்பு பெரிசு. ஆனால் ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பு குறைவு, சத்தமும் அதிகம். நமக்கு ஏ.டி. போதும்.

2. டயரில் உள்ள எடை எண்ணைப் பார்க்கணும். 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ.

3. டயர் செய்த தேதியும் இருக்கும். 3423 என்றால் 2023-ஆம் ஆண்டு 34-ஆவது வாரம்.

4. தொய்ந்த பட்டைக்குப் பதில் அதே வகைப் பட்டையைப் புதிதாகப் போட்டால், வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். இது சட்டப்படியும் சரி.

5. பூசணிக்காயைக் கல்லின் மேல் விடாமல், சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றி ஓட்டணும். இதற்குக் காசே வேண்டாம்.

நான் கணக்குத் தாளைக் காட்டியபோது சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "ஒன்னரை சென்டிமீட்டருக்கா இம்புட்டுப் பணம்?" என்றார். பின்பட்டை தொய்ந்திருந்ததை மெக்கானிக் அண்ணன் காட்டினார். அதை மட்டும் மாற்றினார்கள். அளவு மாறாமல் நான்கு ஏ.டி. டயரும் போட்டார்கள். கூரைக் கம்பியைக் கழற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "அதைக் கழட்டினா ஒரு நடைக்கு வருமானம் குறையும்மா" என்கிறார். அதுவும் உண்மைதான். எங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மேலே ஏறாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது தோழர்களே!

உங்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் ஊர் ஜீப்பின் டயர் எண்ணைக் குறித்து வந்து, அதன் விட்டத்தைக் கணக்கிடுங்கள். சரியான விடை எழுதுபவர்களின் வகுப்பு அடுத்த இதழில் வரும்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி, வெள்ளிமலை