தகடு நம் கூரையில், கடன் யார் தலையில்?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா ஒரு நோட்டீசை நீட்டினார். 'முன்பணம் இல்லை, மாதத் தவணை மட்டும், உங்கள் மாடியில் சோலார்' என்று அதில் போட்டிருந்தது. "ஏன் மேடம், எல்லார் வீட்டுக்கும் அவங்களே காசு போட்டு மாட்டுறாங்களாமே, அவ்வளவு பணம் அவங்களுக்கு ஏது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இந்த வியாபாரம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே 2007-ல் லின் ஜூரிக் என்ற பெண்மணியும் எட் ஃபென்ஸ்டர் உள்ளிட்ட கூட்டாளிகளும் சன்ரன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். தகடு கம்பெனிக்குச் சொந்தம். வீட்டுக்காரர் மாதாமாதம் பணம் கட்டுவார். ஒப்பந்தம் 20 வருடம், 25 வருடம் என்று போகும்.

இதில் கம்பெனியின் நிலை என்ன? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு 2 லட்சம் செலவு, மாதத் தவணை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட முதல் திரும்பி வரவே 11 வருடத்துக்கு மேல் ஆகும். 10 வீடு என்றால் இன்றைக்கே 20 லட்சம் வேண்டும். மாதம் வருவதோ 15,000தான். அந்த 20 லட்சத்தையும் 6 சதவீத வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 வட்டிக்குப் போகும், 5,000 மிஞ்சும். வட்டி 9 சதவீதம் ஆனால் 15,000-மும் வட்டிக்கே சரியாகப் போய்விடும். அசலுக்கும் ஆள் சம்பளத்துக்கும் எதுவும் இருக்காது.

வீடுகள் கூடக் கூட கம்பெனிக்குக் கையில் பணம் குறையும், கடன் கூடும். இதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

அப்படியானால் சன்ரன் எப்படிச் சமாளித்தது? அமெரிக்க அரசு சோலார் செலவில் 30 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ள விட்டது. அந்தச் சலுகைக்காக வங்கிகள் பணம் போட்டன. பிறகு 2015 ஆகஸ்டில் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. அதாவது கம்பெனியைச் சிறுசிறு பங்காகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்றது. ஒரு பங்கு 14 டாலர். சுமார் 25 கோடி டாலர் திரண்டது. இது கடன் இல்லை, வட்டி கிடையாது. ஆனால் பங்கு வாங்கியவர்கள் எல்லாரும் இனி பங்குதாரர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கை ஊரறியக் காட்ட வேண்டும். முதல் நாளிலேயே பங்கு விலை 11 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. வாங்கியவர்கள் கேட்டது, 'எத்தனை வீடு?' என்று மட்டுமல்ல, 'காசு எப்போது திரும்பி வரும்?' என்றும்தான். சன்ரன் தாக்குப்பிடித்தது.

எல்லாரும் தாக்குப்பிடிக்கவில்லை. சன்னோவா என்ற இன்னொரு கம்பெனி 2019-ல் பங்குச் சந்தைக்குப் போனது. வேகமாக வீடுகளைச் சேர்த்தது, கடனும் ஏறியது. 2022 முதல் அமெரிக்காவில் வட்டி உயர்ந்தது. 2023-ல் கலிஃபோர்னியாவில், புதிதாகத் தகடு மாட்டும் வீடுகள் விற்கும் மின்சாரத்துக்கான விலையைக் குறைத்தார்கள். 2025 ஜூனில் சன்னோவா திவால் மனு கொடுத்தது.

நம் குழுவிலும் இதைப் பார்க்கிறோம். 'இந்த வருடம் இவ்வளவு லட்சம் கடன் கொடுத்தோம்' என்பது ஒரு பேச்சு. 'இவ்வளவு திரும்பி வந்தது' என்பது வேறு பேச்சு. குழு நிற்பது இரண்டாவதில்தான்.

கம்பெனி நொடித்தாலும் நாம் போட்ட கையெழுத்து தானாக அழிந்துவிடாது. தவணை வசூலிக்கும் உரிமை வேறு கைக்கு மாறலாம். பழுது என்று கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. ஆகவே கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. தகடு யாருக்குச் சொந்தம்? எப்போது நமக்குச் சொந்தமாகும்?
2. மொத்தம் எத்தனை தவணை? வருடா வருடம் தவணை கூடுமா?
3. பழுது பார்ப்பது யார்? கம்பெனி மூடினால் யார்?
4. வீட்டை விற்றாலோ இடித்துக் கட்டினாலோ என்ன ஆகும்?

நம் நாட்டில் 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போதைய விவரத்தை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, சொந்தமாக வாங்கினால் எவ்வளவு, தவணையில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த அக்கா நோட்டீசை மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப அடுத்த கூட்டத்துக்கு அந்த ஆளையே வரச் சொல்றேன், எல்லாரும் சேர்ந்து கேப்போம்" என்றார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாய்ச்சொல்லோடு விடாமல், பதிலை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள்.