நான்கில் மூன்று: தொடக்க வகுப்பில் பின்னம்

கணக்குப் பாடத்தில் குழந்தைகள் உண்மையில் அஞ்சுவது வகுத்தலுக்கு அன்று, பின்னத்துக்கே. தொடக்க வகுப்புகளில் பல்லாண்டு பணியாற்றிய எம்போன்றோர் இதை நன்கறிவர். கூட்டலும் கழித்தலும் விரல் எண்ணிக்கையில் நடந்துவிடும். பெருக்கலை வாய்பாடு தாங்கிக்கொள்ளும். பின்னம் வந்ததும், அதுவரை முந்திக்கொண்டு கை தூக்கிய சிறுமியும் கரும்பலகையைப் பார்த்தபடி மௌனமாகி விடுகிறாள். அந்த மௌனத்துக்குக் காரணம் தேடிய நாங்கள், அதில் பாதிக் குற்றம் எங்களுடையது என்று கண்டோம். அந்தக் கதையைத்தான் இம்மலரில் பெற்றோருக்கும் மாணவியருக்கும் சொல்ல விழைகிறோம்.

நான்காம் வகுப்பில் ஒரு நாள், நாங்கள் சொல்லச் சொல்ல மாணவியர் பின்னங்களை எழுத வேண்டும் என்று தேர்வு வைத்தோம். "நான்கில் மூன்று" என்றோம். ஏடுகளைத் திருத்தும்போது பார்த்தால், பாதிக்கு மேற்பட்டோர் 4-ஐ மேலேயும் 3-ஐக் கீழேயும் எழுதியிருந்தனர். சிவப்பு மையால் தவறு என்று கோடிட்டுக்கொண்டே போனோம். மறுநாள் ஏட்டை வாங்கிய ஒரு சிறுமி எங்களிடம் வந்து, "டீச்சர், நீங்க நாலைத்தானே முதல்ல சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவளுடைய தாய் திருவரங்கத்தில் பூக்கட்டி விற்பவர். மாலை வேளைகளில் அவளும் கடையில் அமர்வாள். சோதித்துப் பார்ப்போம் என்று, "ஒரு முழம் நாற்பது ரூபாய் என்றால் முக்கால் முழம் எவ்வளவு?" என்று கேட்டோம். கண்ணிமைக்கும் நேரத்தில் "முப்பது" என்றாள். பிறகு சற்றே கண்டிப்புடன், "ஆனா டீச்சர், முக்கால் முழம்னு யாரும் கேக்கமாட்டாங்க. அரை முழம், இல்லேன்னா ஒரு முழம்தான்" என்று எங்களுக்கு வியாபாரமும் கற்றுக்கொடுத்தாள். முக்கால் என்பதை நன்றாக அறிந்த பிள்ளை, முக்காலை எழுதத் தெரியாதவள் என்று எங்களிடம் சுழியம் வாங்கியிருந்தாள்!

சிந்தித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயமே. தமிழில் முழுமையை முதலில் சொல்கிறோம். எடுத்த பங்கைப் பின்னர் சொல்கிறோம். "நான்கில்" என்னும்போது கீழே இருக்கவேண்டிய எண் காதில் விழுகிறது. "மூன்று" என்னும்போதுதான் மேலே இருக்கவேண்டிய எண் வருகிறது. ஆங்கிலத்தில் "த்ரீ பை ஃபோர்" என்று மேலிருந்து கீழே படித்துவிடலாம்; அங்கே நாவும் கையும் ஒரே திசையில் செல்கின்றன. நம் குழந்தையோ மேலிருந்து கீழாக எழுதப் பழகியவள். முதலில் கேட்டதை மேலே எழுதினாள். அது அறியாமை அன்று, கீழ்ப்படிதல்!

இதற்கு நாங்கள் கண்ட மருந்து மிக எளியது. எண்ணை எழுதுமுன் கோட்டைப் போடச் சொல்கிறோம். "நான்கில்" என்றதும் கோட்டுக்குக் கீழே 4. "மூன்று" என்றதும் கோட்டுக்கு மேலே 3. "கோடு, கீழே, மேலே" என்று இரண்டு நாள் பாட்டாகச் சொல்லி எழுதினால் போதும். தமிழ் செல்லும் வழியிலேயே கையும் செல்லப் பழகிவிடுகிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அன்னையரும் இவ்வாறே செய்யலாம். மேலெண்ணுக்குத் தொகுதி என்றும் கீழெண்ணுக்குப் பகுதி என்றும் புத்தகம் பெயர் தருகிறது. இரண்டும் ஓசையில் உடன்பிறந்தவை போலிருப்பதால், மூன்றாம் நான்காம் வகுப்பில் அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லி வாட்டுவதில் எங்களுக்கு விருப்பமில்லை. பொருள் புரிந்தபின் பெயர் தானே ஒட்டிக்கொள்ளும்.

எழுதும் முறை சரியாயிற்று. பொருள்? "இரண்டாகப் பிரித்தால் பாதி" என்று எல்லாச் சிறுமியரும் ஒரே குரலில் சொல்வர். சமமாகப் பிரித்தால்தான் பாதி என்பதை எங்களுக்காக விளக்கிக் காட்டியது காவிரி. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிந்து, நடுவில் திருவரங்கத்தைத் தீவாக விட்டுச் செல்கிறது. அப்படியானால் காவிரியில் பாதி நீர், கொள்ளிடத்தில் பாதி நீரா? இல்லை. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. விட்டால் நீரில் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொள்ளும். தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்ததால்தான் ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே மேலணையைக் கட்டினார். சுற்றுலா போனபோது அணைமேல் நின்று இதைச் சொன்னோம். "அப்போ ரெண்டு துண்டு, ஆனா ரெண்டு பாதி இல்ல" என்று ஒருத்தி தானே முடித்தாள். வட்டப் படத்தில் ஒரு வாரம் வண்ணம் தீட்டியும் வராத தெளிவு அது.

அதே இடம் இன்னொரு கணக்கும் தந்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடக் கதவணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. எத்தனையில் ஒரு பங்கு? ஒன்பது ஒன்பதாகக் கட்டினால் ஐந்து கட்டு, அதில் ஒரு கட்டு போயிற்று, ஐந்தில் ஒன்று. முழுமை என்பது ஒரு தோசையாகவோ ஓர் ஆப்பிளாகவோதான் இருக்கவேண்டும் என்பதில்லை, ஒரு கூட்டமும் முழுமையாகலாம் என்று குழந்தைகள் அன்று கண்டனர்.

எதில் பங்கு என்று கேட்கும் பழக்கத்தையும் வளர்க்க வேண்டும். வெளியூர்ப் பேருந்தில் "அரை டிக்கெட்" என்கிறோமே, அந்த அரை எதில்? கட்டணத்தில்தான் அரை, இருக்கையில் அரை அன்று. முழு இருக்கையில் முழுச் சிறுமி அமர்ந்திருக்கிறாள். (நகரப் பேருந்தில் மகளிருக்கு 2021 முதல் கட்டணமே இல்லாததால், இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வெளியூர்ப் பயணத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று!)

கால், அரை, முக்கால் ஆகியவற்றைக் குழந்தைகள் பள்ளிக்கு வருமுன்பே அறிவர். முக்காலிக்கு மூன்று கால், முக்காலுக்கும் மூன்று கால் என்றால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வர். நம் முன்னோர் இதோடு நிற்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வைத்துப் பிள்ளைகள் மனனம் செய்த பின்னங்களைப் பாருங்கள்: அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. (முந்திரி என்றதும் வகுப்பே கேக்கை நினைத்துக்கொண்டது.) இதற்கும் கீழே, முந்திரியை மீண்டும் 320 கூறாக்கிய கீழ்முந்திரி உண்டு, தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் நில அளவை அதுவரை கணக்கிட்டுச் சொல்கின்றன. அக்கணக்கில் தொகுதியும் இல்லை, பகுதியும் இல்லை. ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு பெயர், ஒரு குறி.

ஏன் 320? இங்கேதான் பாடம் இருக்கிறது. கால் என்பது 80 முந்திரி, அரை 160, வீசம் 20, மா 16, நாலுமா எனப்படும் ஐந்தில் ஒன்று 64. எல்லாம் முழு எண்கள்! காலையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் 80-உம் 64-உம் 144 முந்திரி. பதினாறு முந்திரி ஒரு மா என்பதால் ஒன்பது மா, அதாவது இருபதில் ஒன்பது. இன்று பகுதிகளைச் சமமாக்கு என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது, பெரிய நாணயங்களைச் சில்லறையாக மாற்றிவிட்டுக் கூட்டு என்பதே. சில்லறை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டபின், அரையும் காலும் சேர்ந்து "ஆறில் இரண்டு" என்று மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டும் பழைய பிழை வெகுவாகக் குறைந்தது. அப்படி எழுதியவளை, அரைக் குவளைப் பாலில் கால் குவளை ஊற்றச் செய்து, "அரையைவிடக் குறைந்துவிட்டதா?" என்று கேட்டோம். ஆறில் இரண்டு அரையைவிடச் சிறியதல்லவா! அவளே அழித்துத் திருத்தினாள்.

ஆனால் அந்தப் பழைய வரிசையில் ஓர் இடைவெளி உண்டு. 320-ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். மூன்றில் ஒன்றுக்கு அதில் பெயரில்லை. இன்றும் அதற்கு அரை, கால் போன்ற ஒற்றைச் சொல் நம் குழந்தைகளின் வாயில் இல்லை. எனவே இப்போது நாங்கள் எழுத்துப் பின்னத்தை அரையிலிருந்து தொடங்குவதில்லை. அரைக்கும் காலுக்கும் ஏற்கெனவே நல்ல பெயர்கள் இருக்க, ஒன்றின் கீழ் இரண்டு என்று ஏன் எழுதவேண்டும் என்று குழந்தைக்குத் தோன்றுவது இயல்பு. பெயரில்லாத மூன்றிலொன்றை முன்னே வைத்தால், எழுதுவதற்கு ஒரு வழி வேண்டுமே என்ற தேவை அவளுக்கே பிறக்கிறது. பாடப்புத்தகத்தின் வரிசைக்கு இது சற்று முரண்தான். எனினும் எங்கள் அனுபவம் இதையே சொல்கிறது.

கைக்கு எட்டிய நாணயங்களும் குறைந்துவிட்டன. 25 காசும் அதற்குக் குறைந்தனவும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமற்போயின. கால் ரூபாயைக் கையில் தொட்டு அறியும் வாய்ப்பு இக்குழந்தைகளுக்கு இல்லை. ஆகவே தாளில் வட்டம் வெட்டி, காசு என்று எழுதி, ஒரு ரூபாயை மூவருக்குப் பங்கிடச் சொன்னோம். ஆளுக்கு 33 காசு. ஒரு காசு மீதி. யாருக்கு அந்த ஒன்று? அதை மூன்றாக வெட்டலாம் என்றாள் ஒருத்தி. பத்தாக வெட்டி மும்மூன்றாகக் கொடுக்கலாம் என்றாள் இன்னொருத்தி. அப்போதும் ஒரு துண்டு மீந்தது. அதையும் பத்தாக வெட்டினர். மணி அடிக்கும்வரை வெட்டினர்.

மறுநாள் காலை, வழிபாட்டுக்கு வரிசையில் நிற்குமுன்பே, நம் பூக்கடைச் சிறுமி ஓடிவந்தாள். வீட்டில் எண்பதைத் தாண்டிய கொள்ளுப்பாட்டி இருக்கிறாராம். 1957-இல் புதுக் காசு வருவதற்கு முன், ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி என்று கணக்குப் பார்த்தவர். கேள்வியைக் கேட்டதும் பூத்தொடுத்த கையை நிறுத்தாமலேயே பதில் சொன்னாராம்.

"ஆளுக்கு அஞ்சணா நாலு தம்படியாம் டீச்சர். மீதியே இல்லையாம்!"

ஏட்டைத் திறந்து காட்டினாள். முதலில் கோடு போட்டு, கீழே 192, மேலே 64 என்று எழுதியிருந்தாள்.