ஒரு டிவிடிக்குள் ஒரு கல்யாணம்

வல்லம் வடகால்ல சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்ட்ல திறந்த பெண் தொழிலாளர் ஹாஸ்டல்ல 18,720 பேர் தங்கலாம். அத்தனை பொண்ணுங்க இருக்கிற இடத்துல முகூர்த்த மாசம் வந்தா யாராவது ஒருத்தி லீவு போட்டு ஊருக்குப் போய் அக்கா கல்யாணத்தையோ அண்ணி வளைகாப்பையோ போன்ல எடுத்துட்டு வருவா. திரும்பி வந்ததும் கேள்வி இதுதான்: "முப்பது ஜிபி இருக்குக்கா. ஆயாவுக்கு ஒரே டிவிடியில போட்டுக் கொடுக்க முடியுமா?"

முடியும் தங்கச்சி. ஆனா முதல்ல ஆயா வீட்டு பிளேயரோட முகப்பைப் பார்க்கச் சொல்லு. 2006ல ஆரம்பிச்சு அரசு கொடுத்த இலவச கலர் டிவியே இன்னும் ஓடினாலும், பக்கத்துல இருக்கிற பிளேயர்ல யூஎஸ்பி ஓட்டை இருக்கலாம். இருந்தா பாதி வேலை மிச்சம். ஆனா பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்ல இருந்தா, ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினா ஏறாது. வெட்டித்தான் போடணும்.

ஓட்டை இல்லையா, டிவிடிதான். சுங்குவார்சத்திரம் ஃபேக்டரியில நம்ம பொண்ணுங்க கை பட்டு வெளியே போற ஐபோனோட செட்டிங்ஸைத் திறந்து பாரு. 4கே, 60 ஃப்ரேம்னா நிமிஷத்துக்கு சுமார் 400 எம்பின்னு அதுலயே போட்டிருக்கும். அப்படியே காப்பி பண்ணினா 4.7 ஜிபி டிஸ்க் பன்னிரண்டு நிமிஷத்துக்குள்ள நிறைஞ்சிடும். நம்ம ஊர் டிவிடியோட படமோ 720க்கு 576 புள்ளிதான். 4கே துல்லியம் அந்த டிவியில தெரியவே போறதில்ல. அதனால சுருக்கறதுக்குப் பயப்படாதே. முப்பது ஜிபியை மறந்துடு, மொத்தம் எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு மட்டும் பாரு.

இப்ப கணக்கு. 6,00,000ஐ நிமிஷத்தால வகு. வர்றதுதான் விநாடிக்கு எத்தனை கிலோபிட் செலவழிக்கலாம்ங்கிற அளவு, பிட்ரேட். ரெண்டு மணி நேரம்னா 120ஆல வகுத்தா 5,000. அதுல சத்தத்துக்கு 192 போக, படத்துக்கு 4,800ன்னு வெச்சுக்கோ. அருமையா இருக்கும். மூணு மணி நேரம்னா படத்துக்கு 3,100 கிட்ட நிற்கும், பரவாயில்ல. நாலு மணி நேரத்துக்கு 2,300தான் மிஞ்சும். அப்ப படத்தை 352க்கு 576ன்னு குறைச்சுக்கோ. கட்டம் கட்டமா உடையறதைவிட கொஞ்சம் மங்கலா இருக்கிறது மேல். வீடியோ சின்னதுன்னு பிட்ரேட்டை 9,000க்கு மேல ஏத்தவும் வேண்டாம், பழைய பிளேயர் திக்கும். டிஸ்க்ல 4.7ன்னு போட்டிருக்க, கம்ப்யூட்டர் 4.38ன்னுதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தல. கம்பெனி ஆயிரத்தால எண்ணுது, கம்ப்யூட்டர் 1,024ஆல எண்ணுது.

இதைவிடப் பெரிய மிச்சம் கத்தரியில இருக்கு. மேடையில வரிசையா நின்னு கவர் கொடுக்கிற முக்கால் மணி நேரம் யாருக்கு வேணும்? பந்தியில இலைக்கு இலை போகிற கேமராவையும் வெட்டு. (சித்தப்பா சாப்பிடறது மட்டும் இருக்கட்டும், இல்லன்னா சண்டை வரும்.) ஆனா தாலி கட்டுற நேரத்தைக் கவனி. கெட்டிமேளத்தோட அட்சதை மழையா விழும், ஹோமப் புகை எழும்பும், பின்னால சீரியல் செட் மின்னும். திரையில ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நொடியும் மாறும். சுருக்கும்போது முதல்ல உடையறது அந்த இடம்தான். சாஃப்ட்வேர்ல 'டூ பாஸ்'னு இருந்தா அதையே தேர்ந்தெடு. முதல் சுற்றுல முழுசா பார்த்துட்டு, ரெண்டாவது சுற்றுல சும்மா உட்கார்ந்திருக்கிற காட்சியிலேர்ந்து மிச்சம் பிடிச்சு தாலிக்குக் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும். நைட் ஷிஃப்ட் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஓட விட்டுட்டுப் போ. லேப்டாப் தூங்காம இருக்க ஸ்லீப்பை நிறுத்திடு, சார்ஜரும் சொருகியிருக்கணும்.

ஹேண்ட்பிரேக் மாதிரி சாஃப்ட்வேர் ஃபைலைச் சுருக்கும், பிளேயருக்கான டிஸ்க்கா கட்டித் தராது. இலவசமா கிடைக்கிற டிவிடிஸ்டைலர் கட்டித் தரும். அதுல நம்ம ஊர் டிவி முறையான பிஏஎல்னு தேர்வு பண்ணு. வெறும் எம்பி4 ஃபைலை டிஸ்க்ல ஏத்தினா, லேப்டாப்ல ஓடும், ஆயா வீட்டுல 'நோ டிஸ்க்'னு காட்டும்.

8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். விலை கூட, பழைய பிளேயர் நிறைய அதைப் படிக்கத் திணறும். முகூர்த்தம் ஒண்ணு, ரிசப்ஷன் ஒண்ணுன்னு சாதா டிஸ்க் ரெண்டு போடு. லேப்டாப்ல டிவிடி டிரைவ் இல்லன்னா யூஎஸ்பி ரைட்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். ஒரே ஒரு டிஸ்க்னா வாங்காதே, ஸ்ரீபெரும்புதூர்ல எந்த ஸ்டூடியோவுலயாவது கொடுத்து ரைட் பண்ணிக்கோ. வேகம் 4 அல்லது 8 போதும், முடிஞ்சதும் 'வெரிஃபை' பண்ணச் சொல்லு. மேல பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதே, சுத்தும்போது சமநிலை போயிடும். பால்பாயிண்ட் பேனாவும் ஆகாது. டிஸ்க்ல எழுதுறதுக்குன்னே வர்ற மார்க்கர்ல ஊர், தேதி எழுது.

ஆயா வீட்டு பிளேயர்லயே கடைசி நிமிஷம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டோம்னு அங்கேர்ந்து போன் வர்ற வரைக்கும் உன் போன்ல இருக்கிற ஒரிஜினலை அழிக்காதே.