69.97 யூரோவும் ஓர் அடுப்பும்: பக்கத்து நாடுகள் சேர்ந்தால் நம் வீட்டுச் சட்டம் மாறுமா?

கடையில் புது அடுப்பு ஒன்று வாங்குகிறீர்கள். ஒன்றரை வருஷம் கழித்து உள்பக்கப் பூச்சு உரிந்து வருகிறது. பழுது பார்க்க வழியில்லை என்று கடைக்காரர் புது அடுப்பே கொடுத்துவிடுகிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் கூடவே, "இத்தனை நாள் பழைய அடுப்புல சமைச்சிருக்கீங்க இல்ல, அதுக்கு ஒரு தொகை கட்டுங்க" என்கிறார். கட்டுவீர்களா?

ஜெர்மனியில் குவெல்லே என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்திடம் 2002 ஆகஸ்டில் அடுப்பு வாங்கிய ஒரு பெண்மணி கட்டினார். தொகை 69.97 யூரோ. பிறகு அவர் கொடுத்த அதிகாரத்தின் பேரில் ஒரு நுகர்வோர் கூட்டமைப்பு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. சின்னத் தொகைதான். ஆனால் 'சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு நேர்மாறாக நீதிபதி தீர்ப்புச் சொல்லலாமா?' என்ற பெரிய கேள்வியை அது கிளப்பிவிட்டது.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். வாங்குவது, விற்பது, வாடகை, கடன் என்று குடிமக்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் காரியங்களுக்கான சட்டத்தைத் தனியார் சட்டம் என்பார்கள். ஜெர்மனியில் இதற்கென உள்ள உரிமையியல் சட்டத் தொகுப்பு 1900 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட சட்டம் அந்தந்த நாட்டின் சொந்தச் சொத்து மாதிரி. வெளியார் கை வைக்க மாட்டார்கள் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள்.

ஐரோப்பிய நாடுகள் ஒரே சந்தையாகச் சேர்ந்தபோது இந்த நிலை மாறியது. பொருள் எல்லை தாண்டுகிறது என்றால், பொருள் கெட்டுப்போனால் என்ன பரிகாரம் என்பதும் எல்லா நாட்டிலும் ஓரளவு ஒன்றாக இருக்க வேண்டுமே. அதற்காக ஐரோப்பிய ஒன்றியம் வழிகாட்டு ஆணைகள் போடுகிறது. அடைய வேண்டிய இலக்கு கட்டாயம். எந்த வழியில் அடைவது என்பது அந்தந்த நாட்டின் பாடு. 1999-இல் வந்த அப்படியோர் ஆணை, குறையுள்ள பொருளை விற்பவர் அதைச் சரிசெய்தோ மாற்றியோ 'கட்டணமின்றி' தர வேண்டும் என்றது. ஜெர்மனி 2002-இல் தன் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் பொருளை மாற்றித் தரும்போது, பழையதைப் பயன்படுத்தியதற்கு ஈடு கேட்கலாம் என்ற விதியும் அதில் இருந்தது.

கீழ் நீதிமன்றங்கள் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லின. வழக்கு கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. அங்குள்ள நீதிபதிகளுக்கும் அந்த ஈட்டுத்தொகை நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டத்தின் வாசகம் தெளிவாக இருந்தது. அதை இயற்றியவர்களின் விளக்கக் குறிப்பும் அதையேதான் சொன்னது. எனவே 2006-இல் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டார்கள். 2008 ஏப்ரல் 17 அன்று பதில் வந்தது: கட்டணமின்றி என்றால் கட்டணமின்றிதான். வாங்கியவர் முழு விலையைக் கொடுத்துவிட்டார்; ஒழுங்கான பொருளைத் தராதது விற்றவர். புது அடுப்பு கொடுப்பது ஏற்கெனவே தந்திருக்க வேண்டியதைத் தருவதுதான்.

இப்போது பந்து திரும்ப கார்ல்ஸ்ரூவுக்கு வந்தது. நாட்டுச் சட்டத்துக்கு, முடிந்தவரை, ஆணையோடு ஒத்துப்போகும்படி பொருள் கொள்ள வேண்டும் என்று 1990-இல் ஒரு ஸ்பெயின் வழக்கிலேயே லக்சம்பர்க் சொல்லியிருந்தது. பழைய சட்டமானாலும் அப்படித்தான். 'முடிந்தவரை' என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. கார்ல்ஸ்ரூ நீதிபதிகள் 2008 நவம்பர் 26 அன்று ஒரு வழி கண்டார்கள். ஈடு வசூலிக்கலாம் என்று சட்டமன்றம் எழுதியது உண்மை. ஆணையைச் சரியாக நிறைவேற்றுகிறோம் என்று எண்ணி எழுதியதும் உண்மை. இரண்டும் மோதுகின்றன. ஆகவே சட்டத்தில் யாரும் எண்ணாத ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது என்று சொல்லி, நுகர்வோர் வாங்கும் பொருளுக்கு அந்த விதி பொருந்தாது எனச் சுருக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே சட்டமன்றமும் திருத்தம் கொண்டுவந்தது. இது விளக்கமா, திருத்தி எழுதுவதா என்று கேட்டால், பாதிக்கு மேல் திருத்தி எழுதியதுதான் என்பேன். ஆனால் காரணத்தை மறைக்காமல் எழுதிவைத்தார்கள்.

எல்லா நேரமும் இப்படி நடந்துவிடாது. 1989-இல் மிலான் ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் அஞ்சல்வழி ஆங்கிலப் பாடம் விற்றார்கள். சில நாளில் அவர் வேண்டாம் என்று கடிதம் எழுதினார். கடைக்கு வெளியே செய்த ஒப்பந்தத்தை 7 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று ஐரோப்பிய ஆணை இருந்தது. ஆனால் இத்தாலி அதைக் குறித்த காலத்தில் தன் சட்டமாக்கவில்லை. அந்த ஆணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனியார் நிறுவனத்தின் மேல் உரிமை கோர முடியாது என்று 1994-இல் தீர்ப்பானது. சட்ட விளக்கத்தால் வழி பிறக்காவிட்டால், கடமை தவறிய அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. (நம் பக்கம் சார்க் அமைப்பு இருந்தாலும், அதற்கு இப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது.)

இன்னொரு விசித்திரமும் உண்டு. தரையில் பதித்த பிறகு குறை தெரிந்த ஓடுகளைப் பெயர்த்து மறுபடி பதிக்கும் செலவும் விற்றவர் தலையில்தான் என்று 2011-இல் லக்சம்பர்க் சொன்னது. ஆனால் அடுத்த ஆண்டு, செயற்கைப் புல் மைதானத்துக்கான மூலப்பொருளை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் வாங்கிய வழக்கில், அந்த விளக்கம் நுகர்வோருக்கு மட்டும்தான் என்றது கார்ல்ஸ்ரூ. ஒரே சட்டப் பிரிவு, அதே வரிகள். வீட்டுக்கு ஓடு வாங்கினால் ஓர் அர்த்தம், தொழிலுக்கு வாங்கினால் வேறோர் அர்த்தம்! அந்த ஓடு வாடிக்கையாளர் வீட்டில் பதித்துக் கொடுக்கும் சிறு மேஸ்திரிதான் நடுவில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்காரருக்கு அவர் இலவசமாகப் பெயர்த்துப் பதிக்க வேண்டும்; தனக்கு விற்ற கடையிடம் அந்தச் செலவைக் கேட்பதற்கோ அவருக்கு வழி கடினம். 2018 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில்தான் அந்த உரிமை தொழில்முறை வாங்குவோருக்கும் சேர்த்து எழுதப்பட்டது.