மூன்றரை டன் இழுக்குமா இந்த வண்டி?

1932-இல் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லேண்ட் பகுதியில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் போட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போக வேண்டும், கிடைக்குமா என்று கேட்டாராம். ஜீலாங் தொழிற்சாலையில் இருந்த இளம் வடிவமைப்பாளர் லூயிஸ் பாண்ட் வரைந்து, 1934-இல் அப்படியொரு வண்டி வெளிவந்தது. முன்பாதி கார், பின்பாதி திறந்த தொட்டி. அந்த நாட்டில் அதற்குப் பெயர் யூட்.

இன்றைய யூட்டுக்கு நான்கு கதவு, ஐந்து இருக்கை, டீசல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். இலங்கையில் டபுள் கேப் என்பார்களே, அதேதான். 2016 முதல் 2022 வரை ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். 2023-இல் ஃபோர்டு ரேஞ்சர் அதை முந்தியது. 2024-இலும் 62,593 வண்டிகளோடு ரேஞ்சரே முதலிடம். கார், வேன், லாரி எல்லாம் சேர்ந்த பட்டியலில் முதலிடம் என்பது கவனிக்க வேண்டியது.

தச்சரும் வாங்குகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடும் வங்கி அதிகாரியும் வாங்குகிறார். கையேட்டில் அச்சடித்த எண்கள்தான் இருவரையும் இழுக்கின்றன. அவற்றில் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு உண்மை. அந்த நிபந்தனை மட்டும் சிறிய எழுத்தில் இருக்கும்.

நம்பிக்கை: மூன்றரை டன் இழுக்கும், தொட்டியில் ஒரு டன் ஏற்றலாம்

இரண்டும் சரி. ஒரே நேரத்தில் என்றால் தவறு.

இந்த வகை வண்டிக்கு இரண்டு எடை வரம்புகள் உண்டு. வண்டி, ஆட்கள், சாமான், கொக்கியில் அழுத்தும் டிரெய்லரின் பாரம் எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத எடை ஒன்று, அதை ஜி.வி.எம். என்கிறார்கள். வண்டியும் டிரெய்லரும் மொத்தமாகத் தாண்டக்கூடாத எடை இன்னொன்று, அது ஜி.சி.எம். விற்பனையாளர் வாயில் மூன்றரை டன் வந்த அளவுக்கு இந்த இரண்டாவது எண் வருவதில்லை.

அண்மைத் தலைமுறை ஹைலக்ஸ் எஸ்.ஆர்.5-ஐ எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஜி.வி.எம். 3,050 கிலோ, ஜி.சி.எம். 5,850 கிலோ. வெறும் வண்டி சுமார் 2,100 கிலோ. முழு 3,500 கிலோ கேரவனை மாட்டினால் 5,850-இல் மிச்சம் 2,350. அதில் வண்டியின் எடையைக் கழித்தால் கையில் நிற்பது 250 கிலோதான். ஓட்டுநர், மனைவி, இரண்டு பிள்ளைகள், முன்னால் மாட்டிய இரும்பு புல்பார், தொட்டிமேல் கேனோப்பி, இரண்டாவது பேட்டரி, குளிர்பெட்டி எல்லாம் அந்த 250-க்குள் அடங்க வேண்டும். அடங்காது. நெடுஞ்சாலையில் பெரிய கேரவனோடு போகும் யூட்டுகளில் பல, புறப்படும்போதே சட்ட வரம்பைத் தாண்டியவை என்று சந்தேகப்பட இந்தக் கணக்கே போதும்.

எடை எங்கே உட்காருகிறது என்பது அடுத்த சிக்கல். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்துவது வழக்கம். மூன்றரை டன்னுக்கு 350 கிலோ. கொக்கி இருப்பதோ பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால். நெம்புகோல் விளையாட்டு தொடங்கிவிடும். பின் அச்சில் 350 கிலோவுக்கும் கூடுதலாக ஏறும், முன் அச்சு லேசாகும். ஸ்டீயரிங் பிடி தளரும், பிரேக்கின் பலமும் குறையும்.

பின்பக்கம் தாழ்ந்துபோனால் பலர் செய்யும் வைத்தியம், ஸ்பிரிங்குகளுக்கு நடுவே காற்றுப்பை வைப்பது. வண்டி நேராக நிற்கும், மனமும் நிம்மதியாகும். ஆனால் இலை ஸ்பிரிங் தன் இரு முனைகளிலும் பகிர்ந்து தாங்கிய பாரம் இப்போது நடுவில் ஒரே இடத்தில் சேசிஸை முட்டுகிறது. அதிக பாரத்தோடு மேடுபள்ளமான மண்சாலையில் ஓடினால் கேபினுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட இடத்தில் சேசிஸ் வளைந்துவிடும். ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சாலைகளில் முதுகு ஒடிந்து நிற்கும் இரட்டைக் கேபின் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லா நிறுவன வண்டிகளும் அதில் உண்டு. அதிகபாரம் என்று தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம்.

நம்பிக்கை: டீசல் எஞ்சின் பழைய குதிரை, எண்ணெய் ஊற்றினால் போதும்

இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய எஞ்சின்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 2,000 பார் அளவிலான அழுத்தத்தில் மயிரிழைத் துளைகள் வழியாகப் பாய்கிறது. டீசலில் கலந்த கொஞ்சம் தண்ணீர் போதும், இன்ஜெக்டரும் பம்பும் சேர்ந்து போய்விடும். கெட்ட எரிபொருளால் வந்த சேதம் என்றால் வாரண்டியும் பொதுவாக உதவாது. தொலைதூர பெட்ரோல் பங்க்குகளில் நிரப்புபவர்கள் கூடுதல் ஃபில்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வது அதனால்தான்.

பராமரிப்பு இடைவெளியும் பெட்ரோல் காரைவிடக் குறைவாக இருக்கலாம். டீசல் ஹைலக்ஸுக்கு டொயோட்டா ஆஸ்திரேலியா நெடுநாள் வைத்திருந்த கணக்கு ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டியவரும் இருமுறை சர்வீஸுக்குப் போக வேண்டியிருந்தது.

நம்பிக்கை: கரி வடிகட்டித் தொல்லை நகரத்துக்காரனுக்குத்தான்

சைலன்சர் குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்கும். எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்தில் அந்தச் சூட்டைப் பிடிப்பது எளிது. பள்ளி, கடை, வீடு என்று மூன்று கிலோமீட்டர் சுற்றுபவரின் வண்டியில் எரிப்பு பாதியில் நின்றுபோகும். எரிக்கக் கூடுதலாகச் செலுத்திய டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரவும் கூடும். அளவுக்குச்சியில் ஆயில் குறைவதைத்தான் நாம் தேடுவோம். இந்த வண்டியில் கூடினாலும் கவலைப்பட வேண்டும். அதனால் குறுந்தூர ஓட்டம் இந்த வண்டிக்குப் பகை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நெடுஞ்சாலைக்காரர் தப்பித்தார் என்று முடிவுகட்டினால் அதற்கும் எதிராக ஒரு பெரிய வழக்கு நிற்கிறது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்ற டீசல் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகள் 2,60,000-க்கும் மேல். மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போதுதான் அவற்றின் வடிகட்டி அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை. வெண்புகை, துர்நாற்றம், கூடுதல் டீசல் செலவு, திரும்பத் திரும்ப ஒர்க்‌ஷாப். 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம் வண்டிகளில் குறைபாடு இருந்தது என்று தீர்ப்பளித்து, மதிப்பு 17.5 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. மேல்முறையீட்டில் அது 10 சதவீதமானது. 2020-இல் டொயோட்டா கொண்டுவந்த பழுதுநீக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் கூறி, இழப்பீட்டு மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பியது. டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்கள் இந்த வழக்கைப் படிப்பது நல்லது. அதே நேரம், பழுது நீங்கிய வண்டியைப் பழைய பேச்சைக் கேட்டு ஒதுக்குவதும் நியாயமில்லை. பழைய ஹைலக்ஸ் வாங்குபவர் அந்தப் பழுதுநீக்கம் நடந்ததற்கான சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடலாம் என்று யோசனை சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பதிவு பெற்றுச் சாலையில் ஓடும் வண்டியில் அது சட்டவிரோதம்.

நம்பிக்கை: யூட் வாங்கினால் அரசாங்கமே பணம் தந்த மாதிரி

தொழில் செய்பவர்கள் கூட்டத்தில் இதைக் கேட்காமல் வர முடியாது. வரிக் கணக்கில் கழிப்பது வேறு, காசு திரும்பக் கிடைப்பது வேறு. 25 சதவீத வரி கட்டும் சிறிய நிறுவனம் 60,000 டாலர் வண்டியைச் செலவாகக் காட்டினால் மிச்சமாகும் வரி 15,000 டாலர். மீதி 45,000 நிறுவனத்தின் பையிலிருந்துதான் போகிறது. முழுத் தொகையையும் முதல் வருடமே கழிக்க விட்ட தற்காலிகச் சலுகை 2020 அக்டோபரில் வந்தது, 2023 ஜூனோடு முடிந்தது. அதன்பின் சிறு தொழிலுக்கு இருந்த உடனடிக் கழிவின் வரம்பு ஒரு பொருளுக்கு 20,000 டாலர். புது டபுள் கேப் அதற்குள் வராது, தேய்மானமாகத்தான் பல வருடங்களில் கழியும்.

வேலைக்கு நிறுவனம் தந்த வண்டிக்கு, ஊழியர் பெறும் சலுகைகள்மீதான வரி இல்லை என்பதும் அரை உண்மை. அது மாடலைப் பார்த்து மட்டும் தரும் விலக்கு அல்ல, சொந்த உபயோகத்தையும் பார்க்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருவது போக மற்ற சொந்தப் பயணம் ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டருக்குள், ஒரே பயணம் போய்த்திரும்ப 200 கிலோமீட்டருக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்பது ஆஸ்திரேலிய வரி அலுவலகத்தின் வழிகாட்டி. வாரந்தோறும் படகை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகும் கம்பெனி யூட் இதில் எங்கே அடங்கும்?

ஒரு விஷயத்தில் மட்டும் யூட்டுக்கு உண்மையாகவே யோகம். சாமான் ஏற்றவே பிரதானமாக வடிவமைத்த வண்டி என்பதால், அதே விலையுள்ள எஸ்.யூ.வி. கட்டும் சொகுசுக் கார் வரி இதற்குக் கிடையாது. தோல் இருக்கையும் பெரிய திரையும் வைத்த யூட்டுக்கும் அதே விலக்குதான்.

நம்பிக்கை: ஐந்து நட்சத்திரம் என்றால் ஐந்து நட்சத்திரம்

2011-இல் ஃபோர்டு ரேஞ்சர் ஆன்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அன்று தானியங்கி அவசர பிரேக் சோதனையில் இல்லவே இல்லை. 2020-இல் இசுசு டி-மேக்ஸ் அதே ஐந்தை வாங்கியபோது முன் இருக்கைகளுக்கு நடுவே தனி ஏர்பேக் வரை கேட்கும் அளவுக்கு விதி இறுகியிருந்தது. ஆகவே நட்சத்திரத்தோடு வருடத்தையும் பார்க்க வேண்டும். மூன்றரை டன் கேரவனோடு, அகலச் சக்கரமும் உயர்த்திய சஸ்பென்ஷனும் போட்ட வண்டியை யாரும் சுவரில் மோதிப் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைக்கலாம்.

நம்பிக்கை: ஸ்நார்க்கெல் மாட்டினால் ஆற்றில் இறங்கலாம், மழையில் நான்கு சக்கரமும் போட்டு ஓட்டலாம்

ஸ்நார்க்கெல், எஞ்சின் மூச்சுவாங்கும் இடத்தை உயர்த்துகிறது. மின் இணைப்புகளும் அச்சுப்பெட்டியின் காற்றுத்துளைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அறிவித்த நீர் ஆழ வரம்பு ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், ரேஞ்சருக்கு 800. குழாய் மாட்டுவதால் அது மாறாது. கடலோர மணலில் ஓட்டியபின் அடிப்பக்கத்தைக் கழுவாமல் விட்டால் உப்பு தின்றுவிடும்.

சாதாரண ஹைலக்ஸில் இருப்பது தேவையானபோது மட்டும் போடும் நான்கு சக்கர இயக்கம். பிடிப்புள்ள தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திரும்பினால் முன் பின் அச்சுகள் வேறுவேறு வேகத்தில் சுழல வேண்டியும் முடியாமல் இழுபடும்; டயரும் இயக்க உறுப்புகளும் தேயும். ரேஞ்சரின் வி6, மிட்சுபிஷி டிரைட்டனின் சில ரகங்களில் தார்ச்சாலைக்கும் ஏற்ற அமைப்பு உண்டு.

நம்பிக்கை: இது அசல் ஆஸ்திரேலிய வண்டி

ஃபோர்டு 2016-இலும், ஹோல்டனும் டொயோட்டாவும் 2017-இலும் அங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டன. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் மூன்றும் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து கப்பலில் வருகின்றன. ரேஞ்சரின் வடிவமைப்புப் பொறியியல் மட்டும் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதே அடித்தளத்தில் எழுந்த எண்டெவரைத்தான் ஃபோர்டு சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரித்தது. டி-மேக்ஸின் இந்திய உருவமான வி-கிராஸ், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் உருவாகிறது.

நம்பிக்கை: புதிய புகை விதி யூட்டை ஒழித்துவிடும், டீசலை விட்டால் வழியும் இல்லை

2025 ஜனவரியில் தொடங்கிய ஆஸ்திரேலிய உமிழ்வு விதி எந்த வண்டியையும் தடைசெய்யவில்லை. யூட் வகைக்கான சராசரி இலக்கு கிலோமீட்டருக்கு 210 கிராம் கரியமில வாயுவில் தொடங்கி 2029-இல் 110-ஆக இறங்குகிறது. கணக்கும் அபராதமும் இறக்குமதி செய்யும் நிறுவனத்தின் மொத்த விற்பனைக்கு. உரிமையாளருக்கு ரசீது வராது. விலையில் அதன் சுமை ஏறலாம், அது வேறு.

மாற்றும் வந்துவிட்டது. 57,900 டாலருக்கு இறங்கிய பி.ஒய்.டி. ஷார்க் 6, சொருகி மின்னேற்றும் பெட்ரோல் ஹைப்ரிட். இறங்கியபோது அதன் இழுவை 2,500 கிலோவோடு நின்றது, சுமை 790 கிலோ. மாதம் இருமுறை கனத்த டிரெய்லரை இழுத்து நெடுந்தூரம் போகிறவர், பண்ணையும் மண்சாலையுமாக வாழ்கிறவர் டீசலையே வாங்கட்டும். எந்த மாடலானாலும் புல்பாரும் கேனோப்பியும் மாட்டி, குடும்பத்தை ஏற்றி, டேங்க் நிரப்பி, எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்த பிறகு கேரவனுக்கு முன்பணம் கொடுக்கட்டும். தினம் பத்துக் கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டி, வருடத்துக்கு ஒருமுறை பழைய சோபாவைக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோகிறவருக்கு டீசல் டபுள் கேப் தவறான வண்டி. அவர் ஒரு கார் வாங்கிக்கொண்டு, அந்த ஒரு நாளைக்கு டிரெய்லரை வாடகைக்கு எடுக்கலாம்.