புலம்பெயர்ந்த கலையும் சமூக மன்றமும்

மலேசிய, சிங்கப்பூர் இந்தியக் கலை வரலாற்றில் புலம்பெயர்ந்து வந்த கலைஞர்களின் பங்கு அளப்பரியது. அவர்களுள் நீலா சத்தியலிங்கம், அவர்தம் கணவர் எஸ். சத்தியலிங்கம் ஆகியோரின் பணியை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

1938ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்த நீலா, ருக்மிணிதேவி அருண்டேல் சென்னையில் நிறுவிய கலாஷேத்திராவில் நடனம் பயின்றார். கர்நாடக இசைக் கலைஞரான சத்தியலிங்கமும் அங்குப் பயின்றவரே. 1974இல் சிங்கப்பூரில் குடியேறிய இவ்விணையர், 1977இல் 'அப்சராஸ் ஆர்ட்ஸ்' நிறுவனத்தைத் தோற்றுவித்தனர்.

இவர்கள் பணியில் இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, இசையும் நடனமும் ஒரே இல்லத்தில் இணைந்தமை. பரதநாட்டியத்திற்கு ஆடுபவர் மட்டும் போதாது. பாட்டு, மிருதங்கம், நட்டுவாங்கம் ஆகியவை உடனிருக்க வேண்டும். புதிய நாட்டில் இவை கிடைக்காவிடில் ஒலிநாடாவே கதி. ஆடும் மாணவர் தடுமாறினால் நட்டுவனார் வேகத்தைக் குறைப்பார், ஒலிநாடா குறைக்காது. எனவே, இசைக் கலைஞர் ஒருவர் உடன்வந்தது பெரும் பேறு எனலாம்.

இரண்டாவது, சமூக மன்றம். சிங்கப்பூரின் சமூக மன்றங்களை நடத்துவது 1960இல் அமைக்கப்பட்ட மக்கள் கழகம். அதன் இந்திய நடனக் குழுவுக்கு நீலா பயிற்சியளித்து நடனங்களை அமைத்தார். குடியிருப்புகளுக்கு அருகிலேயே சமூக மன்றம் இருப்பதால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் கலைவகுப்பை எட்ட முடிகிறது. பிற இனக் கலைஞர்களோடு இணைந்தும் அவர் படைப்புகளை மேடையேற்றினார். 1989இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 2017 மார்ச்சில் அவர் மறைந்தார். ஆயினும், அவருடைய மாணவர் அரவிந்த் குமாரசாமியைக் கலை இயக்குநராகக் கொண்டு அப்சராஸ் தொடர்ந்து இயங்குகிறது.

இதில் நமக்கென்ன பாடம்? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பாடிய நான், தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் பாட்டை நிறுத்தினேன். அங்குப் பாடத் தெரிந்தோர் பலர் இருந்தனர். கூடிப் பாட ஒரு நாளும் ஓர் அறையும்தான் இல்லை. பல்கலைக்கழகத்திலும் நாம் ஓரிரவுக் கலைவிழாவிற்காக மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம். விழா முடிந்ததும் கலைந்துவிடுகிறோம். மூத்தவர்கள் பட்டம் பெற்றுச் சென்றதும் அடுத்த குழு முதலிலிருந்து தொடங்குகிறது.

விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, வாரந்தோறும் ஒரு மணி நேர இசை வகுப்பு நடத்தலாம் என்பது என் கருத்து. அருகில் வாழும் முன்னாள் மாணவர்கள் மாதம் ஒருமுறை வந்து கற்பித்தாலும் போதும். நாம் மூன்று, நான்கு ஆண்டுகளில் விடைபெறுவோம். அந்த வகுப்பு நம்மோடு விடைபெறாதிருக்கட்டும்.